மூடிக்குள் வைத்த பொட்டு

சாமிக்கு வெச்ச பொட்டுக்கு நான் மன்னிப்புக் கேட்கணுமாம். கேட்பேனா சார்? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்லிடறேன். கேட்க மாட்டேன்.

கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காருங்க. இந்த பஸ் இப்போதைக்கு நகராது. மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டி வெச்சிருக்கான், சோழிங்கநல்லூர் தாண்டற வரைக்கும் ஊர்ந்துதான் போகும். நான் சிறுசேரி போறேன். வழக்கமா பஸ்ல வர்ற ஆளு இல்லை நான். கம்பெனி வண்டி வீட்டு வாசலுக்கே வரும். இந்த வாரமா வரலை. டிரைவருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கு. போன் பண்ணினா எடுக்கக்கூட மாட்டேங்கறான். அவ்வளவு முடியலை, பாவம்.

இன்னிக்குக் காலையில அங்கே ஒரு கூட்டம். ஒரு பொண்ணை வேலையை விட்டு அனுப்பப் போறாங்க. பெனிட்டான்னு பேரு, மார்த்தாண்டத்துக்காரப் பொண்ணு, என்கிட்ட வேலை பார்க்கிற இன்ஜினியர். நல்ல பொண்ணுதான். ஆனா நான் போறது அதுக்காக இல்லை. என் விஷயம் வேற. அது தெரியணும்னா நீங்க முதல்லேர்ந்து கேட்கணும்.

என் பேரு கஜேந்திரன். டேட்டா சென்டர் மேனேஜர். நீங்க போன்ல படம் பார்க்கறீங்க, பணம் அனுப்பறீங்க, பேரனோட போட்டோவைச் சேர்த்து வெக்கறீங்க. அதெல்லாம் எங்கேயோ ஆகாசத்துல இருக்குன்னுதானே நினைக்கறீங்க? ஆகாசத்துல இல்லை சார், என் கட்டடத்துல இருக்கு. அலமாரி அலமாரியா சர்வர் அடுக்கி வெச்சிருக்கோம். அது ராவும் பகலும் ஓடும். ஓடினா சுடும். சுட்டா நின்னுடும். நிக்காம பார்த்துக்கறதுதான் என் உத்தியோகம்.

முன்னெல்லாம் ஏசி காத்துதான். பெரிய பெரிய ஏசி வெச்சு ரூமையே ஊட்டி மாதிரி ஆக்கி வெச்சிருப்போம். இப்போ வர்ற சர்வருக்கு அது பத்தாது. உள்ளே ஒரு சின்ன சில்லு, சிப்புன்னு சொல்றாங்களே, தீப்பெட்டி அளவுதான் இருக்கும், அது தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. அதுக்குக் காத்து அடிச்சா, கொதிக்கிற உலையை விசிறியால ஆத்தற கதைதான்.

அதனால புதுசா ஒண்ணு கொண்டுவந்தாங்க. கேட்டா நம்ப மாட்டீங்க. ஓடிக்கிட்டிருக்கிற சர்வர் மேல திரவத்தைத் தெளிக்கிறது! ஆமாம் சார், கரண்டு ஓடற மெஷின் மேல. முதல் தடவை பார்த்தப்போ நான் ரெண்டடி பின்னால போயிட்டேன். அது தண்ணி இல்லை. பார்க்கத் தண்ணி மாதிரி இருக்கும், ஆனா கரண்டைக் கடத்தாது. ஒவ்வொரு சர்வரும் மூடி போட்ட ஒரு பெட்டிக்குள்ள இருக்கும். மேல ஒரு குழாய். அதுல துளை இருக்கே, கொசுவோட ஊசி தோத்துடும், அவ்வளவு சின்னது. அதுலேர்ந்து பனி மாதிரி சில்லு மேல விழும். விழுந்ததும் ஆவியாயிடும், சூட்டைத் தூக்கிக்கிட்டுப் போயிடும். ஆவி மேல போய் மூடியில பட்டு, பக்கத்துத் தகட்டுல பட்டு, குளிர்ந்து, திரும்பச் சொட்டும். இட்லிப் பானை மூடியைத் திறந்தா உள்பக்கம் முத்து முத்தா நின்னு சொட்டுமே, அதே மாதிரி. கீழே சேர்ந்ததை பம்ப் உறிஞ்சி மறுபடி மேலே அனுப்பும். ஒரு வரிசையில இருக்கிற பெட்டிக்கெல்லாம் ஒரே திரவம், ஒரே பம்ப். ஒரு வீட்டுத் தண்ணி மாதிரி.

எவ்வளவு அழகு பாருங்க. நான் அதுமேல உயிரையே வெச்சுட்டேன். தென்னாட்டிலேயே வேற யாருகிட்டயும் இல்லாததுன்னு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லுவேன். இருக்கோ இல்லையோ, நான் சொல்லுவேன்.

பயிற்சி கொடுக்க சிங்கப்பூர்லேர்ந்து ஒருத்தன் வந்தான். சின்னப் பையன். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ‘துளை அடைக்கக்கூடாது, துளை அடைக்கக்கூடாது’ன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தான். இதைச் சொல்ல சிங்கப்பூர்லேர்ந்து வரணுமா? எழுந்து வந்துட்டேன். கடைசியில பரீட்சை வெச்சாங்க. நான் எழுதலை. இந்த வயசுல எனக்கு என்ன சார் பரீட்சை? பெனிட்டா எழுதினா. அவ ஒருத்திதான் தேறினா. அதனால அந்தப் பெட்டியோட மூடி அவ கார்டை வெச்சாத்தான் திறக்கும். என் கார்டுக்குத் திறக்காது. மேனேஜர் கார்டுக்குத் திறக்காது! இப்படி ஒரு கூத்தை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

இருக்கட்டும். சுத்தம்னா நான்தான். அந்த ரூமுக்குச் சட்டம் போட்டவனே நான். முகத்துல பவுடர் கூடாது. தலையில பூ கூடாது. காலுக்கு உறை, தலைக்கு வலை. பெனிட்டா வந்த புதுசுல பிச்சிப்பூ வெச்சுக்கிட்டு வருவா. ‘செக்யூரிட்டிகிட்ட கழட்டிக் குடுத்துட்டு வாம்மா’ன்னு சொன்னேன். மறுநாள்லேர்ந்து வெக்கவே இல்லை. ஒருதடவை தணிக்கைக்கு ஒரு பெரிய மனுஷர் வந்தாரு, நெத்தி நிறைய விபூதி. முகம் கழுவிட்டு வரச் சொல்லிட்டேன். ‘விபூதியை அழிக்கச் சொல்றீங்களே, பாவம் இல்லையா?’ன்னாரு. ‘பாவம் புண்ணியமெல்லாம் வெளியில சார், உள்ளே வந்தா தூசுதான்’னேன். மனுஷர் பேசாம போய்க் கழுவிட்டு வந்தாரு. அப்படி நடத்தினவன் நான். என்னைப் பார்த்து அந்தக் குல்கர்னி கேட்கிறாரு, ‘தூசு எப்படி உள்ளே போச்சு?’ன்னு.

குல்கர்னி எங்க தலைவர். புனேக்காரர். இந்த வருஷம்தான் வந்தாரு. பூஜை அன்னிக்கு ஊர்ல இல்லை.

இப்போ ஆயுத பூஜைக்கு வர்றேன். எங்க இடத்துல ஆயுத பூஜைன்னா கஜேந்திரன்தான். கட்டடம் கட்டின நாளா நான்தான் பண்றேன். பொரி, கடலை, சுண்டல், வாசல்ல ரெண்டு வாழைக்கன்னு, ஜெனரேட்டருக்கு மாலை. பூசணிக்காயை நான்தான் உடைப்பேன், வேற யாரையும் தொட விடமாட்டேன். அதுக்காக நான் ஒண்ணும் கண்மூடித்தனமான ஆளு இல்லை. உள்ளே சூடம் ஏத்தினா புகைக்கு மணி அடிச்சு, தீயணைக்கிற வாயு மொத்தமும் கொட்டிடும். அதனால சூடம் வெளியில, ஜெனரேட்டர் பக்கத்துல. உள்ளே பொட்டு மட்டும். சந்தனம், அதுமேல குங்குமம். அலமாரிக் கதவுக்குக் கதவு வெச்சுக்கிட்டே போவேன்.

இந்த வருஷம் கதவுல வெச்சுக்கிட்டே வந்தேனா, இந்தப் புதுப் பெட்டி வரிசைக்கு வந்ததும் கை நின்னுடுச்சு. ஏன்னா, பெட்டி வெறும் தகரம். மெஷின் உள்ளே இருக்கு. கல்யாணப் பொண்ணுக்குப் பொட்டு வெக்கச் சொன்னா வீட்டுக் கதவுலயா வெச்சுட்டு வருவீங்க? பொண்ணு நெத்தியிலதானே வெப்பீங்க? அதேதான். ஒரே ஒரு பெட்டி, வரிசையோட முதல் பெட்டி. அதைத் திறந்து உள்ளே ஒரு பொட்டு. மத்ததுக்கெல்லாம் அது போதும்னு நினைச்சேன்.

‘பெனிட்டா, இதை நிறுத்திட்டு மூடியைத் திறம்மா’ன்னேன்.

‘எதுக்கு சார்?’

‘பொட்டு வெக்கத்தான்.’

‘வேண்டாம் சார். உள்ளே எதுவும் படக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?’

‘அது தூசு. இது சந்தனம்.’

‘மெஷினுக்கு வித்தியாசம் தெரியுமா சார்?’

கூட நின்னவனெல்லாம் சிரிச்சுட்டான். தட்டைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறேன், சுத்தி என் ஆளுங்க நிக்கறாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே, ‘ஏம்மா, உங்க சர்ச்சுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து திறக்கறியா?’ன்னேன். அதுக்கு இன்னும் பெரிசா சிரிச்சாங்க. வேடிக்கைக்குச் சொன்னதுதான் சார். என் மனசுல எதுவும் கிடையாது. கிறிஸ்துமஸ் கேக்கை முதல்ல வெட்டறதே நான்தான். அவ மட்டும் சிரிக்கலை. மார்த்தாண்டத்துப் பக்கம் கொஞ்சம் வேடிக்கை கம்மி போல. கார்டை வெச்சா, மூடியைத் திறந்தா, தள்ளி நின்னுக்கிட்டா.

சில்லு மேல வெக்க நான் என்ன முட்டாளா? மூடியோட உள்பக்கம் வெச்சேன். மோதிர விரலால அழகா, வட்டமா. சந்தனம் என்ன பாக்கெட் சந்தனமா? என் சம்சாரம் கல்லுல இழைச்சது. அது உதிராது. வீட்டுல காலண்டர்ல வெச்ச பொட்டு அடுத்த பொங்கல் வரைக்கும் இருக்கும். நல்லா இருந்துச்சு சார். மூடியைப் போட்டு மெஷினை ஓட விட்டதும் எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. பெனிட்டாவும் பொரி வாங்கிக்கிட்டா. சாப்பிட்டாளான்னு கவனிக்கலை.

அதுக்கப்புறம் மெஷின் ஜம்முனு ஓடுச்சு. ஒருநாள் ரெண்டுநாள் இல்லை, தீபாவளி வரைக்கும் ஓடுச்சு. பொட்டாலதான் கெட்டுச்சுன்னா அன்னிக்கே கெட்டிருக்கணுமே? இதை யாரும் கேட்க மாட்டேங்கறான்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையிலதான் முதல் பெட்டி நின்னுச்சு. தொடர்ந்து அந்த வரிசை மொத்தமும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நின்னுடுச்சு. அதுலதான் ஒரு பஸ் டிக்கெட் கம்பெனி இருந்துச்சு. டிக்கெட்டெல்லாம் போன்லதானே இப்போ? போன்ல டிக்கெட் வரலை. ஜனங்க மூட்டை முடிச்சோட கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல நிக்கறாங்க. மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியலை. ஊரே தலைகீழா ஆன மாதிரி டிவியில காட்டினான். என்ன பெரிய விஷயம்? கொஞ்ச நேரம் தாமதம். ஊருக்குப் போற ஜனத்துக்கு நிக்கறது என்ன புதுசா?

என்னது? நீங்களும் அன்னிக்கு அங்கேதான் நின்னீங்களா?

குழந்தைங்களோடவா... சரி. சரி விடுங்க. போய்ச் சேர்ந்துட்டீங்கல்ல?

மறுநாளா? தீபாவளி அன்னிக்கு சாயங்காலமா போய்ச் சேர்ந்தீங்க? ம். வெயிலா வேற இருந்திருக்கும்.

சரி, கதைக்கு வர்றேன். மெஷின் கொடுத்த கம்பெனிக்காரங்க வந்தாங்க. பெட்டியைத் திறந்தாங்க. பார்த்தா, பொட்டைக் காணோம். சுத்தமா இல்லை. வெச்ச தடம்கூட இல்லை. எனக்குச் சிலிர்த்துப் போச்சு. ‘சாமி ஏத்துக்கிட்டாரு’ன்னேன். குல்கர்னி அதை இங்கிலீஷ்ல சொல்லச் சொன்னாரு. சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாரு.

பம்ப்புல இருந்த ஃபில்டரை எடுத்துட்டுப் போய் பரிசோதனை பண்ணியிருக்காங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மரத்தூள், இந்த மூணும் இருக்காம், அதுதான் போய்த் துளையை அடைச்சுதாம். நான் கேட்டேன், ‘மஞ்சள் கிருமிநாசினி இல்லையா? அதுபோய் எப்படிக் கெடுக்கும்?’ ரிப்போர்ட்டை நீட்டினாங்க. கேள்வி கேட்டா அவங்ககிட்ட பதிலே இருக்காது சார், காகிதம்தான் இருக்கும்.

விசாரணைன்னு ஒண்ணு வெச்சாங்க. என்னை முதல்ல கூப்பிட்டாங்க. ‘பூஜையில பொடி ஏதாவது உள்ளே விழுந்ததா?’ விழலைன்னேன். உண்மைதானே? என் கையிலேர்ந்து ஒரு துளி சிந்தலை. நான் வெச்சேன், விழவைக்கலை. கேட்டது விழுந்ததான்னு, நான் சொன்னது விழலைன்னு. வந்துட்டேன்.

பிறகு பெனிட்டாவைக் கூப்பிட்டாங்க. ‘மூடியைத் திறந்தது யாரு?’ ‘நான்.’ ‘உள்ளே வெச்சது யாரு?’ அவ வாயைத் திறக்கலையாம். எவ்வளவு கேட்டும் திறக்கலையாம். ஹெச்.ஆர். சுமித்ரா மேடம்தான் என்கிட்ட சொன்னாங்க. சொல்லியிருக்கலாமே சார்? ‘கஜேந்திரன் சார்தான் வெச்சாரு’ன்னு சொல்லியிருந்தா நான் என்ன கோவிச்சுக்கப் போறேனா? அப்படி ஒரு பொண்ணு. அழுத்தக்காரி. கூட நின்னு சிரிச்சவனெல்லாம் இருக்கானே, அவனையெல்லாம் கேட்டதுக்கு, ‘நாங்க பொரி வாங்கறதுல இருந்தோம்’னுட்டான். எல்லாம் என் ஆளுங்க. எனக்கு விசுவாசமான பசங்க.

நேத்து சாயங்காலம் அவ எனக்குப் போன் பண்ணினா. ஹாஸ்டலைக் காலி பண்றாளாம், இன்னிக்கு ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாச்சாம். இந்தத் தொழில்ல ‘மெஷினுக்குள்ள அழுக்கு விட்டவ’ன்னு பேர் விழுந்தா வேற எந்தக் கம்பெனிக்காரனும் வாசப்படி ஏத்தமாட்டான் சார், அது அவளுக்கும் தெரியும். நான் ஆறுதலாத்தான் பேசினேன். ‘ஏம்மா, கேட்டப்போ வாயைத் திறந்து பேசியிருக்கலாமே?’ன்னேன்.

‘நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன் சார்’னா.

அவ்வளவுதான். ‘உடம்பைப் பார்த்துக்குங்க சார்’னு வெச்சுட்டா. என்ன சொல்லுவேன்னு நினைச்சா? எனக்குப் புரியலை. கேட்ட கேள்விக்கெல்லாம் நான்தான் பதில் சொல்லிட்டேனே. சோறு இறங்கலை சார் அப்புறம். வெண்டைக்காய் வத்தக்குழம்பு, எனக்குப் பிடிச்சதுதான். வாயு போல.

அதோட விட்டாங்களா? அடுத்து சுமித்ரா மேடம் கூப்பிட்டு, இன்னிக்குக் கூட்டத்துல வெக்கப் போற முடிவைப் படிச்சுக் காட்டினாங்க. நான் மேனேஜராச்சே, சம்மதம்னு சொல்லணுமாம். அதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? ‘பண்டிகைக் கொண்டாட்டத்தின்போது இன்ஜினியர் பெனிட்டா பெட்டியைத் திறந்து, மூடியின் உட்புறம் வண்ணப் பசையைப் பூசினார்.’ வண்ணப் பசை! சந்தனத்தைப் பசைன்னு எழுதியிருக்கான். அது தவிர, ஒருவேளை நான் விரும்பினா, ‘மேற்பார்வை போதாமைக்கு வருந்துகிறேன்’னு ஒரு வார்த்தை சொல்லலாமாம். எதுக்கு வருந்தணும்? மேற்பார்வை பார்த்துக்கிட்டுத்தானே நின்னேன்! ‘யோசிச்சுச் சொல்றேன்’னு வெச்சுட்டேன்.

காலையில காப்பி குடிக்கும்போது என் சம்சாரம் அமிர்தத்துகிட்ட சொன்னேன். அவ அதிகம் பேசமாட்டா. வாழைப்பூ ஆய்ஞ்சுக்கிட்டிருந்தா. தலையைத் தூக்காமலே கேட்டா.

‘அப்போ, இந்த வருஷப் பூஜை அந்தப் பொண்ணுதான் பண்ணினான்னு கம்பெனியில எழுதிட்டாங்களா?’

‘பூஜைன்னு எழுதலைடி. பொட்டுன்னு...’

‘பொட்டு வெக்கறதுதானே பூஜை? கட்டடம் கட்டின நாளா நீங்கதான் வெக்கறீங்கன்னு எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருந்தேன். எதிர்வீட்டு மாமிகிட்டகூடச் சொன்னேன். இப்போ பேரு அந்தப் பொண்ணுக்குப் போயிடுச்சு. என் கை நோக நான் இழைச்ச சந்தனம். சரி, போகட்டும். அடுத்த வருஷம் அவளே வந்து பூசணிக்காயும் உடைச்சுட்டுப் போறா.’

‘அவதான் வேலையிலயே இருக்கப் போறது இல்லையே!’

‘அதனால என்ன? எழுதினது இருக்குமே. இனிமே உங்களை யாரு கூப்பிடுவா? ஒரு பொட்டைக்கூடத் தன்னதுன்னு சொல்லிக்க முடியாத மனுஷன்னு பேசிக்குவாங்க. காப்பி ஆறுது, குடிங்க.’

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோபம்! அவ பாட்டுக்கு ஏதோ வெள்ளந்தியாச் சொல்லிட்டா, அவளுக்கு இந்த ஆபீஸ் விவகாரமெல்லாம் தெரியாது. ஆனா எனக்கு உறைச்சுது. என் பூஜை சார்! என் கையால வெச்ச பொட்டு! அதை ஒரு காகிதத்துல இன்னொருத்தர் பேருல எழுதறதுக்கு இவங்க யாரு? புனேயிலேர்ந்து வந்தவருக்கு என்ன தெரியும், இந்தக் கட்டடத்துல பொட்டு வெக்கற பாத்தியதை யாருக்குன்னு? சட்டையை மாட்டினேன். அமிர்தம் அதுக்குள்ள இஸ்திரி போட்டு எடுத்து வெச்சிருந்தா, எப்போ போட்டாளோ தெரியலை. கிளம்பிட்டேன். யாரும் சொல்லிப் போறேன்னு நினைக்காதீங்க. நானா எடுத்த முடிவு.

இருங்க, போன் அடிக்குது. சுமித்ரா மேடம்தான். ஒரு நிமிஷம்.

சொல்லுங்க மேடம்... பஸ்ல... ஆமாம், பஸ்லதான். நாவலூர் வந்துட்டேன்... என்னது? ஆரம்பிச்சுட்டாங்களா? நான் வராமலா?... வர வேண்டாமா? யாரு சொன்னது?... சம்மதம்னு நீங்களே எடுத்துக்கிட்டீங்களா? ‘யோசிச்சுச் சொல்றேன்’னா சம்மதம்னா அர்த்தம்? எந்த ஊருல மேடம்?

இல்லை. நிறுத்துங்க. நிறுத்தச் சொல்லுங்க. அந்தப் போனை ஸ்பீக்கர்ல போடுங்க. போடுங்கன்னு சொல்றேன். குல்கர்னிக்குத் தமிழ் தெரியலைன்னா நீங்க சொல்லிக் கொடுங்க. போட்டாச்சா?

நான் கஜேந்திரன் பேசறேன். பொட்டு வெச்சது நான். பெனிட்டா இல்லை. மூடியைத் திறக்கச் சொன்னது நான். அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொல்லுச்சு. நான் கேட்கலை. எல்லாருக்கும் எதிர்ல கேலி பண்ணித் திறக்க வெச்சேன்... கண்டக்டர், கொஞ்சம் அந்தப் பாட்டை நிறுத்துப்பா!... ஆமாம் மேடம், அது வண்ணப் பசை இல்லை, சந்தனம். அதை முதல்ல திருத்துங்க. வெச்ச விரல் என் விரல். அந்த வேலை அங்கே என்னோடது, வேற எவர் பேருலயும் எழுதறதுக்கு உங்களுக்கு உரிமை கிடையாது.

என்ன கேட்கிறாரு?... ‘அப்போ பொடி விழுந்ததா?’ன்னா?

...

எனக்குத் தெரியாது மேடம். நான் பார்க்கலை. விழுந்திருந்தா அது என்கிட்டேர்ந்து விழுந்ததுதான். அப்படியே எழுதிக்கச் சொல்லுங்க. மன்னிப்பா? அது கிடையாது. அதை மட்டும் கேட்காதீங்க. பொட்டு வெச்சதுக்கு மன்னிப்புக் கேட்டா, நான் வெச்சது தப்புன்னு ஆயிடும். வெச்சேன். அவ்வளவுதான். வேணும்னா என்ன செய்யணுமோ செஞ்சுக்கச் சொல்லுங்க.

பெனிட்டா அங்கே இருக்காளா?... இருக்கட்டும். ஒண்ணும் சொல்ல வேண்டாம். அழ வேண்டாம்னு சொல்லுங்க. ரயில் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொல்லுங்க, சீக்கிரம் பண்ணினாத்தான் பணம் திரும்ப வரும்.

...சரி. சரி மேடம். புரியுது. வெக்கறேன்.

என்ன சார், எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்க்கறாங்க? சத்தமாப் பேசிட்டேனா? பேசினா என்ன? என் விஷயம் நான் பேசறேன்.

கார்டை நிறுத்திட்டாங்களாம். என் கார்டை. இப்போ போனா கேட்டுலயே நிப்பாட்டிடுவாங்களாம், திரும்பிப் போயிடுங்க, நாங்க கூப்பிடறோம்னு சொல்றாங்க. நான் வெச்ச செக்யூரிட்டி சார் அவங்கல்லாம்! நான் தேர்ந்தெடுத்து நிறுத்தின ஆளுங்க என்னை நிப்பாட்டுவாங்களாம். நிப்பாட்டட்டும். நான் இறங்கத்தான் போறேன். திரும்பிப் போற வழக்கம் எனக்கு இல்லை. கேட்டு எதிர்ல டீக்கடை இருக்கு, பெஞ்சு இருக்கு. அங்கேயே உட்கார்ந்துக்கறேன். எத்தனை நேரமானாலும் உட்கார்ந்துக்கறேன். அந்தப் பொண்ணு பெட்டியைத் தூக்கிக்கிட்டு வெளியில வருதான்னு பார்க்கறேன். வரக்கூடாது. வராது. உள்ளேதான் இருக்கும். அதுக்குத்தானே இவ்வளவு...

இல்லை சார். பூஜைக்காகத்தான் பேசினேன். தப்பா எடுத்துக்காதீங்க. பூஜைக்காகத்தான்.

சிறுசேரி வந்துடுச்சு. கொஞ்சம் காலை மடக்குங்க, இறங்கணும்.